மார்பைக் கொத்தும் பறவை: கிறித்தவ வழிபாட்டில் உடலும் விலங்குகளின் தன்னலமறுப்பும்

ஐரோப்பாவின் பழைய கத்தோலிக்கத் தேவாலயங்கள் பலவற்றில் நற்கருணைப் பேழையின் கதவிலோ பீடத்தின் முகப்பிலோ ஒரு பறவையைக் காணலாம். கூட்டின் மேல் சிறகு விரித்து நின்று, கழுத்தை வளைத்து, தன் மார்பைத் தானே கொத்திக்கொண்டிருக்கும். காயத்திலிருந்து சொட்டும் இரத்தத்தைக் கீழே மூன்று குஞ்சுகள் வாய் திறந்து ஏந்தும். பெலிக்கன் என்று சொல்லப்படும் இப்பறவைக்குத் தமிழில் கூழைக்கடா என்று பெயர். இதைச் செதுக்கியவர்களில் பலர் அதை நேரில் கண்டதில்லை என்பது சிற்பங்களிலேயே தெரிகிறது. கழுகின் அலகும் அன்னத்தின் கழுத்தும் இருக்கும். கூழைக்கடாவின் அடையாளமான தொங்கும் பை மட்டும் இருக்காது.

பிறருக்காகத் தன் உடலைத் தருதல் என்ற ஒரே பொருளை இறையியலும் உயிரியலும் வெவ்வேறு காலங்களில் ஆராய்ந்திருக்கின்றன. அந்த இரண்டு ஆராய்ச்சிகளிலும் இந்தப் பறவை இடம்பெற்றிருக்கிறது.

கதை வந்த வழி

கிறித்தவ உலகில் இக்கதையைப் பரப்பிய நூல் ‘பிசியோலோகஸ்’. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், பெரும்பாலும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. விலங்கு, பறவை, கல் ஆகியவற்றின் இயல்பைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் சமயப் பொருள் கூறும் இந்நூல் இலத்தீன், சிரியாக், எத்தியோப்பியம், ஆர்மீனியம் ஆகிய மொழிகளுக்கும் சென்றது. அது தரும் கதை பின்னாளைய சிற்பத்தைவிடக் கடுமையானது. வளர்ந்த குஞ்சுகள் பெற்றோரின் முகத்தில் அடிக்கின்றன. பெற்றோர் சினந்து திருப்பி அடிக்க, குஞ்சுகள் மடிகின்றன. மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து, வழியும் இரத்தத்தால் அவற்றை உயிர்ப்பிக்கிறது. படைத்தவரை அடித்த மனிதர், சிலுவையில் விலா திறக்கப்பட்ட இயேசு, மூன்றாம் நாள் உயிர்ப்பு ஆகிய மூன்றும் கதைக்குள் அடங்கின. பஞ்சகாலத்தில் தாய் தன் இரத்தத்தை ஊட்டியது என்ற எளிய வடிவம் பிற்காலத்தது.

இந்தப் பறவைக்கு விவிலியத்தில் இடம் தந்தது 102ஆம் சங்கீதம். துயரப்படுபவர் தம்மைப் பாலைவனப் பறவை ஒன்றோடு ஒப்பிடும் பகுதியில், எபிரேயச் சொல் எந்தப் பறவையைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பு பெலிக்கன் என்றது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு நாரை என்கிறது. சங்கீதத்துக்கு விளக்கம் எழுதிய அகுஸ்தீன், கதை மெய்யோ பொய்யோ, கிறிஸ்துவுக்குப் பொருந்துவதைப் பார்க்கலாம் என்ற அளவில் நின்றார். 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரின் இசிதோர் தம் கலைக்களஞ்சியத்தில் கதையைப் பதியும்போது ‘உண்மையாயின்’ என்னும் பொருள்பட ஒரு சொல் சேர்த்தார். கதையின் மேல் சந்தேகம் அன்றே இருந்தது. ஆனாலும் அதன் அழகு அதை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது.

1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று வரையறுத்தது. 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் கிறிஸ்துவின் திருவுடல் விழாவைத் திருச்சபை முழுவதற்கும் அறிவித்தார். அதே நூற்றாண்டில், தாமஸ் அக்குவினாஸ் இயற்றியதாகக் கருதப்படும் நற்கருணைப் பாடல் கிறிஸ்துவைப் பெலிக்கன் என்றே அழைத்தது. தாந்தேயும் தம் காவியத்தின் விண்ணுலகப் பகுதியில் இப்பெயரைக் கையாண்டார். 1517இல் ஆக்ஸ்போர்டில் நிறுவப்பட்ட கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் சின்னத்தில் இன்றும் இந்தப் பறவை இருக்கிறது. கல்லூரியின் பெயருக்கே கிறிஸ்துவின் உடல் என்றுதான் பொருள்.

உடலால் வழிபடுதல்

உண்ணப்படும் உடலை மையமாகக் கொண்ட வழிபாடு, வழிபடுவோரின் உடலைப் பற்றியும் பேசியாக வேண்டியிருந்தது. உடல் ஆன்மாவின் சிறை என்று சொன்ன ஞானவாதக் குழுக்களை 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் இரேனேயு எதிர்த்தார். ஆண்டவரின் உடலாலும் இரத்தத்தாலும் ஊட்டப்படும் தசை அழிவுக்கு உரியதாக முடியாது, அதுவும் உயிர்த்தெழும் என்பது அவர் வாதம். அதற்கு முன்பே பவுல், உடல் தூய ஆவியின் ஆலயம் என்றும், உடலை உயிருள்ள பலியாகப் படைப்பதே வழிபாடு என்றும் கடிதங்களில் எழுதியிருந்தார்.

உடல் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கும் விதிகள் தோன்றின. தொடக்ககாலக் கிறித்தவரின் முதன்மை நிலை, நின்றுகொண்டு இரு கைகளையும் விரித்து உயர்த்துவது. ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையின் சுவரோவியத்தில் அந்த நிலையில் ஒரு பெண் நிற்கிறாள். 3ஆம் நூற்றாண்டில் ஒரிகன், நின்று கை உயர்த்துவதே சிறந்தது, பாவம் அறிக்கையிடும்போது முழங்காலிட வேண்டும், நோயாளி உட்கார்ந்தோ படுத்தோ வேண்டலாம் என்று எழுதினார். 325இல் கூடிய நீசேயா சங்கத்தின் 20ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் உயிர்ப்புப் பெருவிழா முதல் பெந்தெகொஸ்து வரையிலான நாட்களிலும் முழங்காலிடாமல் நின்றே வேண்டச் சொன்னது. முழங்காலிடுதல் மனம் வருந்துவதன் அடையாளம், நிற்றல் உயிர்த்தெழுதலின் அடையாளம் என்பதே காரணம். கீழைத் திருச்சபைகள் இதை இன்றும் பெரிதும் பின்பற்றுகின்றன. தவக்காலத்திலோ நெற்றி தரையில் படும்படி விழுந்து எழுகிறார்கள்.

சீர்திருத்தத்துக்குப் பின் முழங்கால் ஒரு சண்டைப் பொருளானது. 1552இல் வெளிவந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வேண்டுதல் நூல், திருவிருந்தை முழங்காலிட்டு வாங்கச் சொன்னதோடு, அது அப்பத்தையோ இரசத்தையோ வணங்குவதாகாது என்று தனிக்குறிப்பும் தந்தது. ஸ்காட்லாந்தின் சீர்திருத்தக் கிறித்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தே திருவிருந்து உண்டனர். 1618இல் பெர்த் நகரில் கூடிய பேரவை அவர்களையும் முழங்காலிடச் சொன்னபோது பலர் கீழ்ப்படிய மறுத்தனர். உட்கார்ந்தால் விருந்தினர், முழங்காலிட்டால் அடியார் என்று இரு தரப்பும் உடலின் நிலையில் இறையியலைப் படித்தன.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1969 ஏப்ரலில் வத்திக்கான், இந்தியக் கத்தோலிக்க வழிபாட்டுக்கு 12 தழுவல்களை அனுமதித்தது. தரையில் அமர்தல், காலணி கழற்றுதல், மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்குதல், நெற்றி நிலத்தில் படும் பஞ்சாங்கப் பிரணாமம், முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். மக்கள் வழக்கு இத்தகைய அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்குச் செல்லும் மணற்பாதையில் நேர்ச்சைக்காக முழங்காலில் நகர்ந்து செல்வோரை எந்த நாளும் காணலாம். சூடேறிய மணலில் முழங்காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கையில் மெழுகுதிரியோடு, பக்கத்தில் நடந்து வரும் உறவினரின் தோளைப் பிடித்தபடி செல்கிறார்கள்.

உடலின் நிலையோடு வழிபாடு முடிந்துவிடுவதில்லை என்ற எச்சரிக்கையும் தொடக்கத்திலிருந்தே உண்டு. கொரிந்து நகரில் வசதியுள்ளவர்கள் முன்பே உண்டுவிட ஏழைகள் பசித்திருந்ததை அறிந்த பவுல், அப்படி நடப்பது ஆண்டவரின் விருந்தே இல்லை என்று கண்டித்தார். 4ஆம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம், ஆலயத்தில் கிறிஸ்துவின் உடலைப் பட்டால் போர்த்திவிட்டு வெளியே குளிரில் ஆடையின்றி நிற்பவரைப் புறக்கணிக்கலாகாது என்று மறையுரையாற்றினார். பெரிய வியாழனன்று குரு குனிந்து மக்களின் பாதங்களைக் கழுவும் சடங்கும் இதையே சொல்கிறது: வழிபடும் உடல் பிறர் முன் குனிய வேண்டிய உடல்.

கூட்டில் நடப்பது

உலகில் 8 வகைக் கூழைக்கடாக்கள் உள்ளன. எதுவும் தன் மார்பைக் கிழிப்பதில்லை. தமிழ்நாட்டில் கூடு கட்டுவது புள்ளி அலகுக் கூழைக்கடா. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே அது குஞ்சு பொரிக்கிறது. தாயோ தந்தையோ மீனைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து இறங்கியதும், குஞ்சு தன் தலையை முழுவதுமாக அதன் வாய்க்குள் நுழைத்து உணவை எடுக்கிறது. பைக்குள் இருப்பதை வெளிக்கொணரப் பெற்றோர் அலகை மார்போடு அழுத்துவதும் உண்டு. கிழக்கு மத்தியதரைப் பகுதியில் வாழும் தல்மேசியக் கூழைக்கடாவின் பை இனப்பெருக்கக் காலத்தில் செம்மஞ்சளாகச் சிவக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தவர் கண்ணுக்குச் சிவந்த பையும் மார்பில் பதிந்த அலகும் காயமாகத் தெரிந்திருக்கலாம் என்பது கதையின் பிறப்புக்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

அதே கூட்டில் கதை சொல்லாத இன்னொன்றும் நடக்கிறது. அமெரிக்க வெள்ளைக் கூழைக்கடா வழக்கமாக இரண்டு முட்டையிடுகிறது. முதலில் பொரிந்த குஞ்சு இரண்டாவதைக் கொத்தி ஒதுக்க, பெரும்பாலான கூடுகளில் இரண்டாவது சில வாரங்களுக்குள் இறந்துவிடுகிறது. பெற்றோர் தடுப்பதில்லை. முதல் குஞ்சு பிழைக்காமல் போனால் உதவும் காப்பீடாகவே இரண்டாம் முட்டை இருக்கிறது என்று பறவையியலாளர் கருதுகின்றனர். தன்னைத் தருவதன் சின்னமான பறவையின் கூட்டிலேயே உடன்பிறப்பு உடன்பிறப்பைக் கொல்கிறது.

உயிரியலின் கணக்கு

தன்னலமறுப்பைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லைப் பரப்பியவர் பிரெஞ்சு மெய்யியலாளர் ஒகுஸ்த் கோம்த். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கடவுள் இல்லாத மானுடச் சமயம் ஒன்றை வகுக்க முயன்றபோது பிறருக்காக வாழும் பண்பை அவர் அச்சொல்லால் குறித்தார். உயிரியல் அச்சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றியது. உயிரியலில் ஒரு செயலைச் செய்யும் உயிரியின் வாழ்நாள் இனப்பெருக்கம் குறைந்து, மற்றொன்றின் இனப்பெருக்கம் கூடினால் அது தன்னலமறுப்பு. செய்யும் உயிரியின் எண்ணம் கணக்கில் வராது. இந்த வரையறையின்படி தாய் தன் குஞ்சுக்குச் செய்யும் பணி தன்னலமறுப்பாகாது. குஞ்சுதான் தாயின் இனப்பெருக்கப் பயன்.

டார்வினுக்கு இது ஒரு சிக்கலாகவே இருந்தது. இனப்பெருக்கமே செய்யாத வேலைக்கார எறும்புகளும் தேனீக்களும் இயற்கைத் தேர்வில் எப்படி உருவாகின? 1859இல் வெளிவந்த நூலில், தம் கொள்கைக்கே ஆபத்தாகத் தோன்றிய இக்கேள்விக்கு, தேர்வு குடும்பத்தின் மீதும் செயல்படும் என்று விடை கண்டார். 1871இல் வெளிவந்த ‘மனிதனின் தோற்றம்’ நூலில் பெலிக்கனே வருகிறது. அமெரிக்காவின் யூட்டா உப்பேரியில் முற்றிலும் குருடான முதிய பெலிக்கன் ஒன்று நன்கு கொழுத்திருந்ததைக் கேப்டன் ஸ்டான்ஸ்பரி கண்டார். கூட்டாளிகள்தாம் அதற்கு நெடுநாள் உணவளித்திருக்க வேண்டும் என்று டார்வின் எடுத்துக்காட்டினார். ஊட்டியதை யாரும் பார்த்ததாகக் குறிப்பில்லை. கொழுப்பைக் கண்டு ஊகித்ததுதான். பழைய கதையைப் போலவே இதிலும் பறவையின் உடலிலிருந்து அன்பு ஊகிக்கப்பட்டது.

ஊகத்தைக் கணக்காக மாற்றியவர் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன். 1964இல் வெளியிட்ட இரு கட்டுரைகளில், உதவி பெறும் உயிரிக்குக் கிடைக்கும் நன்மையை இருவருக்கும் இடையிலான மரபணு உறவின் அளவால் பெருக்கினால், அது உதவி செய்யும் உயிரியின் இழப்பைவிட அதிகமாக இருக்கும்போது உதவும் பண்பு பரவும் என்று காட்டினார். முழு உடன்பிறப்புகளிடையே உறவளவு பாதி. எனவே தன் ஒரு குஞ்சை இழக்கும் பறவை, அதனால் உடன்பிறப்புக்கு இரண்டுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கூடுமானால் கணக்கில் நட்டப்படாது. கூழைக்கடாக் கூட்டின் கொலையையும் இதே கணக்கு விளக்குகிறது. தனக்குத் தான் முழு உறவு, உடன்பிறப்பு பாதி உறவு; உணவு குறையும்போது அந்தப் பாதி விட்டுக்கொடுக்கப்படுகிறது.

உறவில்லாதவருக்கு உதவுவதை 1971இல் ராபர்ட் டிரைவர்ஸ் கைம்மாறு என்னும் கருத்தால் விளக்கினார். 2010இல் மார்ட்டின் நோவாக்கும் வேறு இரு ஆய்வாளர்களும் உறவுக் கணக்கின் தேவையையே மறுத்து எழுத, மறு ஆண்டு 137 உயிரியலாளர்கள் ஒப்பமிட்டு மறுமொழி தந்தனர். விவாதம் கணித முறையைப் பற்றியது. உதவும் நடத்தை இருப்பதை எவரும் மறுக்கவில்லை.

இரத்தமும் தோலும் தருபவை

பெலிக்கன் செய்யாததை வேறு உயிரினங்கள் செய்கின்றன. மத்திய, தென் அமெரிக்காவின் இரத்தமுண்ணும் வௌவால் இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் இறந்துவிடும். பசியோடு திரும்பிய வௌவால், இருப்பிடத்தில் இன்னொன்றின் வாயை நக்க, அது தான் குடித்த இரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. கோஸ்டா ரிகாவில் இதை ஆராய்ந்த ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் முடிவுகளை வெளியிட்டார். 2013இல் அவரும் ஜெரால்ட் கார்ட்டரும் வெளியிட்ட ஆய்வில், யாருக்கு ஊட்டுவது என்பதை உறவைவிட முன்பு பெற்ற உதவியே நன்றாகக் கணித்தது. இரத்தத்தை ஊட்டும் உயிர் தேவாலயப் பீடத்தில் இல்லை, பேய்க்கதைகளில் இருக்கிறது.

உடலையே தருபவையும் உண்டு. கென்யாவின் டைட்டா மலைகளில் மண்ணுக்குள் வாழும் காலில்லா இருவாழ்வி ஒன்று குஞ்சு பொரித்ததும் அதன் மேல்தோல் தடித்துக் கொழுப்பேறுகிறது. குஞ்சுகள் அதற்கென அமைந்த பற்களால் தாயின் தோலை உரித்துத் தின்று வளர்கின்றன. தாய் அசையாமல் கிடக்கிறது. தோல் மீண்டும் வளர, மீண்டும் உரிக்கப்படுகிறது. இது 2006இல் வெளியானது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வாழும் கூட்டுச் சிலந்திகளில் தாய் முதலில் தன் உள்ளுறுப்புகளைக் கரைத்துக் குஞ்சுகளுக்குக் கக்கி ஊட்டுகிறது. இறுதியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடுகின்றன. தென் ஆப்பிரிக்கச் சிலந்தி இனம் ஒன்றில் இணைசேராத பெண் சிலந்திகளும் பிறர் குஞ்சுகளுக்கு இப்படியே இரையாகின்றன. தாய் இரையாவது பெற்றோர் பணி; இணைசேராத சிலந்தி இரையாவதே உயிரியலின் கண்டிப்பான பொருளில் தன்னலமறுப்பு. கூட்டத்தில் பெரும்பாலும் நெருங்கிய உறவுகளே இருப்பதால் ஹாமில்டனின் கணக்கு இங்கும் பொருந்துகிறது.

கணக்கை வாழ்ந்து பார்த்தவர்

இவ்விரு உலகங்களும் ஒரே மனிதரில் சந்தித்ததும் உண்டு. 1922இல் நியூயார்க்கில் பிறந்த ஜார்ஜ் பிரைஸ் வேதியியலாளர். அணுகுண்டுத் திட்டத்திலும் பணியாற்றியவர். 1967இல் லண்டன் சென்று, ஹாமில்டனின் கட்டுரைகளைப் படித்து, தாமே ஒரு சமன்பாட்டை உருவாக்கினார். 1970இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தச் சமன்பாடு, தேர்வு மரபணு, தனி உயிர், குழு ஆகிய எந்த நிலையில் நடந்தாலும் அளக்க வல்லது. அதன்படி தன்னலமறுப்பு மட்டுமன்றி, தனக்கு இழப்பு நேர்ந்தாலும் பிறருக்குத் தீங்கு செய்யும் பண்பும் இயற்கையில் உருவாக முடியும். அதே ஆண்டு நாத்திகராயிருந்த அவர் கிறித்தவரானார். பின்னர் வீடற்றவர்களுக்குப் பணத்தையும் உடைமைகளையும் கொடுத்தார். தம் வீட்டிலும் தங்கவைத்தார். எல்லாம் தீர்ந்தபின் கைவிடப்பட்ட கட்டடத்தில் வாழ்ந்து, 1975 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார். இறுதிச் சடங்கில் வீடற்றவர் சிலரோடு ஹாமில்டனும் உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் நின்றனர். அவர் முடிவுக்கு உடல்நலமும் மனநலமும் காரணங்களாயிருந்தன. அதைக் கோட்பாட்டின் மீது ஏற்றுவது முறையாகாது.

இரண்டு அளவுகோல்கள்

உயிரியல் செயலின் விளைவை அளக்கிறது. வழிபாடு செயலின் நோக்கத்தைக் கேட்கிறது. சிலந்தி தன்னைத் தருவதற்கு முடிவெடுக்க வேண்டியதில்லை. பவுல் கேட்ட பலியோ, தர மறுக்கவும் கூடியவர் மனமுவந்து தருவது. உறவளவு குறையக் குறைய ஹாமில்டனின் கணக்கில் உதவியும் குறைகிறது. கிறிசோஸ்தோம் சுட்டியவரோ ஆலயத்துக்கு வெளியே நிற்கும் உறவில்லாதவர். ஆகவே விலங்கின் கொடையைக் கொண்டு நற்கருணையை நிறுவவும் முடியாது, கூட்டுக் கொலையைக் காட்டி அதை மறுக்கவும் முடியாது. இறையியலாளர் சாரா கோக்லி 2012இல் அபர்டீனில் ஆற்றிய கிஃபர்ட் சொற்பொழிவுகளிலும், நோவாக்கோடு சேர்ந்து தொகுத்து 2013இல் வெளியிட்ட நூலிலும், ஒத்துழைப்பின் பரிணாமத்தையும் பலி என்னும் கருத்தையும் மீண்டும் ஒரே மேசையில் வைத்தார். இரண்டும் பேசிக்கொள்ளலாம்; ஒன்று மற்றொன்றாகிவிடாது.

பிசியோலோகஸ் எழுதியவர் பறவையில் பிழைபட்டார். ஒரு தாய் தன் உடலையே குஞ்சுகளுக்கு உணவாகத் தரக்கூடும் என்பதில் பிழைபடவில்லை. இசிதோரின் ‘உண்மையாயின்’ என்ற ஐயத்துக்குக் கூந்தன்குளத்தில் இன்று நேரடியான விடை உண்டு: தாயின் தொண்டைக்குள் தலையை விட்ட குஞ்சு வெளியே எடுத்துவருவது மீன்.